லாஷிங் அலெக்ஸ் சலவை எந்திரத்தோடு பொருத காதை

வாழ்க அவன் தோள்! வாழ்க அவன் உள்ளங்கையில் தேய்ந்து தேய்ந்து பளபளத்த ஸ்பேனர்! உப்புக்காற்று உரசி மெருகேற்றிய நெற்றியை உடையவனும், இருபத்தேழு ஆண்டுகளாகத் துறைமுகத்தில் வானளாவ அடுக்கிய கண்டெய்னர்களைக் கப்பல் தளத்தோடு பிணித்து, வங்கக்கடலின் எந்த அலையும் அவற்றில் ஒன்றையேனும் அசைக்க விடாதவனும், மேஸ்திரியாகப் பதினொரு பேர் கொண்ட தன் படையை ஒரே அதட்டலில் ஏணி ஏறவும் இறங்கவும் வைப்பவனும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவனும், பிரசங்கம் தொடங்கியதும் தவறாமல் உறங்குகிறவனும் ஆகிய ராயபுரம் பனைமரத்தொட்டி அலெக்ஸாண்டரை, தெருவெல்லாம் லாஷிங் அலெக்ஸ் என்று போற்றும் அப்பெருமகனை, முதற்கண் வணங்கி நிற்கிறோம். அவனுக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் புதிதாக வந்த சலவை எந்திரம் ஒன்று எட்டு நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

லாஷிங் என்பது என்ன தொழில் என்று கேட்போருக்கு இரண்டு வரி. கப்பலில் ஏற்றிய பெட்டிகள் நடுக்கடலில் சரியாமல் இருக்க அவற்றை இரும்புத் தண்டாலும் முறுக்குக் கொக்கியாலும் இறுக்கிக் கட்டுகிற வேலை அது. அத்தொழிலுக்கு வேதம் ஒன்றே ஒன்றுதான். வேலைக்குச் சேரும் ஒவ்வொரு புதியவனையும் முதல் நாளே நிறுத்தி வைத்து அலெக்ஸாண்டர் அதை ஓதுவான்.

“ஆட்னா முறுக்கு. ஆடலன்னா இன்னொரு தபா முறுக்கு.”

வேதம் துறைமுக வாயிலோடு நின்றுவிடுமா? வீட்டிலும் செங்கோலோச்சியது. கட்டில் கால், மின்விசிறிக் கொக்கி, தண்ணீர்க்குழாய், மிக்ஸியின் மூடி என்று அவன் கைமுறுக்கு படாத பொருள் அவ்வில்லத்தில் இல்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவன் மனைவி ஜூடி இரண்டு பேரை உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

இனிப் பகைவனின் பெருமை. அதைச் சொல்லாமல் நாயகனை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. பால்வெண் மேனியன், மார்பின் நடுவே ஒற்றைக் கண்ணாடிக் கண்ணன், நெற்றியில் பச்சை விளக்குச் சூடியவன், ஒரு வீட்டின் ஒரு வாரத்து அழுக்கை ஒரே கவளமாக விழுங்க வல்ல பெருவயிற்றன். நீரை உறிஞ்சும்போதும் துணியைப் புரட்டும்போதும் அவனைப்போல் சாது உலகில் இல்லை. ஆனால் துணியை உதறிப் பிழியும் கட்டம் வந்துவிட்டாலோ, முனகி, உறுமி, நான்கு காலையும் தரையில் அறைந்து, குளியலறைச் சுவரைக் கைவிட்டுக் கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்குவான். அலமாரியின் எவர்சில்வர் பாத்திரங்கள் அலறும். இரண்டாம் மாடியில் மங்கம்மா வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து குழம்பில் விழும். கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக உறுமுகிற தெரு அது. அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுச் சத்தம் தனியாகக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வெண்ணிறத்தோன் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். ஜூடிக்கு ஒரே தம்பி, பெயர் ஜெரி, விம்கோ நகரில் குடியிருந்துகொண்டு ரயில்வேயில் வேலை பார்க்கிறவன். அக்காளின் வலது மணிக்கட்டு இரண்டு வருடமாக வீங்கிக் கிடந்ததையும், அந்தக் கையாலேயே அவள் புருஷனின் கிரீஸ் ஏறிய காக்கி உடுப்புகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்ததையும் ஒருநாள் பார்த்துவிட்டான். அக்காளின் இருபத்தைந்தாம் கல்யாண நாளன்று, புத்தம்புது எந்திரத்தை இரண்டு தோஸ்துகளோடு தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்து இறக்கிவிட்டு, சட்டை நனைய நனையச் சிரித்தான். அன்று ஜூடி அழுதாள்.

அத்தகைய சீரைப் பற்றித்தான், போன வியாழக்கிழமை, மங்கம்மாவின் நான்காவது புகாருக்குப் பின் பொறுமையிழந்த நம் நாயகன் கைபேசியை எடுத்து இவ்வாறு முழங்கினான்.

“இன்னா மச்சான், எவனோ வேணாம்னு திருப்பி குட்த்த கலீஜ் பீஸ உன் தலைல கட்டிகீறான். நீயும் இளிச்சிகினு தூக்கியாந்து என் வூட்ல எறக்கிட்ட. உனுக்கு இன்னா தெரியும் மிசினப் பத்தி? மொதல்ல வந்து எடுத்துகினு போ.”

மறுமுனையில் ரயில் போகும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே ஜெரி சொன்னான்.

“சரி மாமா. ஞாயித்துக்கெழம நாலு மணிக்குக் குட்டியானையோட வரேன்.”

குட்டியானை என்றால் நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும், சின்ன லோடு வண்டி. ஆனால் அந்தக் கணத்தில் அச்சொல் ஜூடியின் நெஞ்சில் நிஜ யானையாகவே காலை வைத்தது. தம்பி கொடுத்த சீரை அக்காள் வாசலிலிருந்து திருப்பி ஏற்றினால், அந்தத் தம்பி அந்த வாசலை மறுபடி மிதிக்கமாட்டான். இதை ராயபுரத்துப் பூனைக்குட்டியும் அறியும். அன்று முதல் ஜூடி புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள்; வாய் மட்டும் திறக்கவில்லை.

சொன்னது தப்பு என்று அலெக்ஸாண்டருக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? மன்னிப்புக் கேட்கும் கலை லாஷிங் தொழிலில் கற்றுத்தரப்படுவதில்லை. மச்சானிடம் போய் ‘தப்பாகப் பேசிவிட்டேன்’ என்று சொல்வதைவிட முப்பது பெட்டிகளை ஒற்றை ஆளாகக் கட்டுவது அவனுக்குச் சுலபம். ஆகவே அவன் அறிவு வேறொரு வழி கண்டது. ஞாயிறு நாலு மணிக்குள் எந்திரத்தின் சத்தத்தை அடக்கிவிட்டால் எந்திரம் போக வேண்டியதில்லை. எந்திரம் போகாவிட்டால் மச்சான் வரவு நிற்காது. மச்சான் வரவு நிற்காவிட்டால் மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மன்னிப்புக் கேட்காமல் தப்பிக்க ஆண்குலம் இதுவரை கண்ட உபாயங்களில் இதுவே மிகவும் வியர்வை சிந்தவைத்தது.

அந்த ஞாயிறும் விடிந்தது. பூசை முடிந்து, வழக்கமான உறக்கமும் முடிந்து, புத்துணர்வோடு வீடு திரும்பிய வீரன், வெள்ளைச் சட்டையைக் களைந்து, கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டி, துண்டைத் தலைக்குச் சூடி, ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், சுத்தியல், கடப்பாரை, கப்பல் கட்டும் நைலான் கயிறு, முறுக்குக் கொக்கி ஆகிய படைக்கலன்கள் புடைசூழப் பால்கனியில் தோன்றி, கீழே வெயிலில் காய்ந்த தெருவையும் அப்பால் கிரேன்கள் தலை நீட்டிய வானத்தையும் சாட்சியாக்கி, வஞ்சினம் உரைத்தான்.

“நாலு மணிக்குள்ள இத்த ஊமையாக்கல, எம்பேரு அலெக்ஸாண்டரு இல்ல!”

இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது. மங்கம்மாவின் தலை வெளியே வந்து மேலே நோக்கியது.

“பேர மாத்திகினாலும் பரவால்லண்ணா, சத்தத்த நிறுத்து!”

போர் முரசு முழங்கியதாகக் கொண்டு உள்ளே திரும்பினான் அலெக்ஸாண்டர். அங்கே அடுப்படியில் ஜூடி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெரிக்குப் பிடித்த இறால் தொக்கு. ஞாயிறு தோறும் அவன் வந்து சாப்பிடும் வழக்கம், அதனால் கை தானாகச் செய்தது. இன்றைக்கு அவன் எதற்கு வருகிறான் என்பது நினைவுக்கு வந்தபோது கை நின்றது; பிறகு மறுபடி உரித்தது. அதைப் பார்க்காதவன்போல் அலெக்ஸாண்டர் குளியலறைக்குப் போனான்.

முதலில் பகைவனின் வயிற்றைச் சோதித்தான். வட்டக் கதவைத் திறந்து, தலையையும் வலத்தோளையும் உள்ளே செலுத்தி, டார்ச் வெளிச்சத்தில் அக்குகையின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, ஒரு கொண்டை ஊசியையும் இரண்டு சட்டைப் பொத்தான்களையும் சிறிய மாதா மெடல் ஒன்றையும் மீட்டு வந்து, வென்ற நாட்டின் பொன்னும் மணியும் போலத் துண்டின்மீது பரப்பினான். “இதான் விஷயம்!” என்று அறிவித்தான். யாரும் கேட்கவில்லை. நனைந்த காக்கி உடுப்பு மூன்றை உள்ளே திணித்து, பிழியும் பொத்தானை மட்டும் அழுத்தினான். முனகல் எழுந்தது. முனகல் உறுமலாயிற்று. உறுமல், தடதட என்றும் கடகட என்றும் டமால் என்றும் பல வடிவெடுத்து, பூட்டிய அறையில் நூறு பேர் தகர டின்னை உதைப்பதுபோல் வீடெங்கும் நிறைந்தது. எந்திரம் இரண்டு சாண் முன்னேறி அலெக்ஸாண்டரின் கட்டைவிரலை மிதித்தது.

அவன் அலறியது பெருமூச்சு என்றே வரலாற்றில் குறிக்கப்படட்டும்.

பகைவன் கோணலாக நிற்கிறான், தரை சரியில்லை, அதனால்தான் ஆடுகிறான் என்ற முடிவுக்கு அடுத்து வந்தான். மட்டம் பார்க்கும் கருவி எதற்கு? எவர்சில்வர் டம்ளரில் கழுத்தளவு நீர் நிரப்பி எந்திரத்தின் உச்சந்தலையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நீரின் விளிம்பை நோக்கி, கப்பல் கேப்டன் தொடுவானத்தை நோக்குமளவுக்கு நெடுநேரம் நோக்கினான். வலது பின்கால் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. அதற்கு அண்டை கொடுக்க ஏதேனும் கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் தேடியபோது, ஒரு கை நீண்டு வந்து அவன் பக்கத்தில் எதையோ வைத்துவிட்டுப் போயிற்று. ஜூடியின் கை. எந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகம். படித்துப் பார் என்று வாயால் சொல்ல அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை.

அலெக்ஸாண்டர் அதைக் கையில் எடுத்தான். கனத்தை நிதானித்தான். நான்கு மொழிகளில் அச்சிட்டிருந்ததால் நல்ல தடிமன்.

“கப்பல்ல எந்த கண்டெய்னரு புக்கு பட்ச்சிகினு நிக்கிது?” என்று கேட்டுவிட்டு, அதை இரண்டாக மடித்து, வலது பின்காலுக்கு அடியில் செருகினான். அறிவுக்கு இதைவிடப் பயன் உண்டோ! எந்திரம் மட்டமாக நின்றது. பொத்தானை அழுத்தினான். டம்ளர் நடுங்கியது, நீர் துள்ளியது, பிறகு டம்ளர் தானே நடந்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, மேஸ்திரியின் மடியில் குதித்தது. மடித்துச் செருகிய புத்தகம் பின்னால் தெறித்து எங்கோ போய்விட்டது. மணி ஒன்றரை.

மத்தியானச் சோற்றை யாரும் தொடவில்லை.

இப்போது வந்ததுதான் அப்பெரும்போரின் உச்சம், காவியத்தில் மூன்று படலங்களுக்குக் குறையாமல் பாட வேண்டிய பகுதி. ‘ஆடுகிறாயா? ஆடுகிறவனை என்ன செய்வேன் தெரியுமா?’ என்று மனத்துள் கர்ஜித்த மேஸ்திரி, இருபத்தேழு ஆண்டுக் கலை முழுவதையும் திரட்டி, நைலான் கயிற்றை எந்திரத்தின் இடுப்பில் இரண்டு சுற்றும் மார்பில் குறுக்கே ஒரு சுற்றும் சுற்றி, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையைச் சுவரில் பதித்த இரும்புக் குழாயிலும் மாட்டி, இடையே முறுக்குக் கொக்கியைப் பூட்டி, ஆடினாலும் முறுக்கி, ஆடாவிட்டாலும் முறுக்கி, கயிறு வீணைத் தந்திபோல் ரீங்கரிக்கும் வரை முறுக்கி, கடைசியாக ஒரு முறை வேதத்தின் நிமித்தம் முறுக்கி, எழுந்து நின்று இடுப்பில் கை வைத்தான். ஆழ்கடற்புயலிலும் அசையாத கட்டு அது. பொத்தானை அழுத்தினான்.

எந்திரம் அசையவில்லை. ஒரு நூலிழைகூட அசையவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டடம் அசைந்தது.

சத்தம் கயிறு வழியாக ஜன்னலுக்கும், குழாய் வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாக மூன்று மாடிகளுக்கும் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி பாடிற்று. தண்ணீர்க்குழாய் தாளம் போட்டது. நான்கு வீடு தள்ளி இருந்த நாய் ஒன்று காரணம் புரியாமல் ஊளையிட்டது. மங்கம்மா படி ஏறி வந்து வாசலில் நின்றாள். அவள் தலைமயிரில் சுண்ணாம்புத் தூள். கையில் கரண்டி.

“அலெக்ஸண்ணா, முன்னாடி உன் வூட்டு மிசினு மட்டும்தான் கத்திச்சி. இப்போ எங்க வூட்டு பீரோவும் கத்துது. இன்னா, எங்களயும் சேத்துக் கட்டிட்டியா?”

“அஞ்சு நிமிசம் மங்கம்மா. பேஜாரு பண்ணாத.”

“எட்டு நாளா அஞ்சு நிமிசம்!” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அவள் சொன்னதில் தவறில்லை. மணி மூன்றே காலுக்கு மேல் ஆகியிருந்தது.

கட்டை அவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து தரையில் சாய்ந்தான் வீரன். விரல் வீங்கியிருந்தது, கைலி நனைந்திருந்தது, பகைவனின் மேனியிலோ ஒரு கீறல் இல்லை. கண்ணை மூடினான். திறந்தபோது ஜூடி ஈரத்துணியோடு குளியலறைக்குள் போவது தெரிந்தது. அவள் எந்திரத்தின் முன் உட்கார்ந்து, அதன் கண்ணாடியைத் துடைத்தாள். பொத்தான்களைத் துடைத்தாள். கயிறு பதிந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தாள். ஊருக்கு அனுப்புகிற பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவதுபோல் இருந்தது. வலது கை வலித்ததால் பாதியில் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மின்வயரைச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, வியாழக்கிழமைக்குப் பின் முதன்முறையாகப் பேசினாள்.

“வுட்ருய்யா. அவன் வந்து எடுத்துகினு போவட்டும். என் தம்பி மூஞ்சிய நான் எப்டிப் பாக்கறதுன்னுதான் தெரியல.”

இப்பெருங்காவியத்தில் எத்தனையோ அடிகள் விழுந்தன. அலெக்ஸாண்டருக்கு உண்மையிலேயே வலித்தது இந்த ஒன்றுதான். எழுந்தான். ஸ்பேனரை எடுத்தான்.

அன்று அதுவரை பகைவனை முன்னாலிருந்தே தாக்கியவன், இம்முறை அவனைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, முதுகுப்புறத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒன்றரை முழச் சந்தில், தொப்பையை உள்ளிழுத்து நுழைந்து, மண்டியிட்டான். அங்கே, எந்திரத்தின் முதுகில், நான்கு மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட்டுகள் அவனுக்குக் காட்சியளித்தன. பழைய நண்பர்கள். எந்திரம் வந்திறங்கிய அன்றே அவன் கண் அவற்றின்மீது விழுந்திருந்தது. கை வைத்துப் பார்த்து, கொஞ்சம் இளக்கமாக இருப்பதாகப் பட்டதால் ‘கம்பெனிக்காரனுக்கு முறுக்கவே தெரியல’ என்று நகைத்து, ஒவ்வொன்றையும் தன் ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று இறுக்கியிருந்தான். அதன் பின்னும் சத்தம் வந்த நாளெல்லாம் தவறாமல் வந்து மேலும் கொஞ்சம் இறுக்கினான். இன்றும் வேதத்தை மீறாமல் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி மூச்சைப் பிடித்துத் திருகினான். திருக இனி இடமில்லை. ஸ்பேனர் வழுக்கியது, நெற்றி போய் எந்திரத்தின் முதுகில் மோதியது, மோதிய இடம் புனித அந்தோனியாரின் திருவடி.

ஆம், அந்தோனியார். புதுப் பொருள் எதுவானாலும் ஒரு புனிதரை ஒட்டாமல் அவன் ஓட்டமாட்டான். முன்பக்கம் ஒட்டினால் அழகு கெடும் என்று ஜூடி தடுத்ததால், பின்பக்கத்தில், அவன் கண்ணுக்குக் கோடும் கிறுக்கலுமாகத் தெரிந்த ஏதோ ஒரு சிவப்புத் தாளின்மேல் படத்தை வைத்து நன்றாகத் தேய்த்து ஒட்டியிருந்தான். எட்டு நாள் ஆட்டத்தில் பசை விட்டுப்போய், இப்போது நெற்றி மோதியதும் அந்தோனியார் மெல்ல ஒரு பக்கமாகப் பிரிந்து, வழி விட்டு நின்றார்.

பின்னாலிருந்த சிவப்புத் தாளில் நான்கு போல்ட்டுகளின் படம் இருந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு அம்புக்குறி வெளியே போயிற்று. பக்கத்தில் பெருக்கல் குறி. அடியில் பெரிய எழுத்தில், எழுத்தறிந்த எவருக்கும் விளங்கும்படி எழுதியிருந்தது: வண்டியில் கொண்டுவரும்போது உருளை ஆடாமல் இருக்கப் பூட்டிய போல்ட்டுகள் இவை. எந்திரத்தை ஓட்டுவதற்கு முன் நான்கையும் கழற்றிவிடவும்.

அலெக்ஸாண்டர் ஒருமுறை படித்தான். மறுமுறை உதடு அசைய அசையப் படித்தான்.

அந்தச் சந்தில் மண்டியிட்டபடி அவன் கண்ட உண்மையை எப்படிச் சொல்வது! பெட்டியைக் கட்டுவது பயணத்துக்கு. கரை சேர்ந்ததும் அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பவர் வேறு, கட்டுபவன் வேறு. அவிழ்ப்பது வேறு துறைமுகத்து ஆட்களின் வேலை. இருபத்தேழு ஆண்டுகளில் அவன் ஆயிரமாயிரம் பெட்டிகளைக் கட்டினான். கட்டிய பெட்டி போய்ச் சேர்ந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே உருண்டு ஆட வேண்டிய உருளையை வெளிச்சட்டத்தோடு பிணித்து வைத்தால் சட்டம் ஆடாமல் என்ன செய்யும்? ஜெரி கொண்டுவந்தது குறையில்லாத எந்திரம். கலீஜ் பீஸ் எது என்று யோசித்தபோது அவனுக்கு வியர்த்தது.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். தானே இறுக்கியதை அவிழ்க்கத் தானே படாதபாடு பட்டான். மூன்றாவது போல்ட்டுக்கு ஸ்பேனர்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. நான்கையும் கைலி மடிப்பில் முடிந்துகொண்டு, எந்திரத்தை இடத்தில் தள்ளி, வயரைச் செருகி, சிலுவை போட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்தினான்.

உள்ளே உருளை சுழன்றது. வேகம் கூடியது. மேலும் கூடியது. எங்கோ தூரத்தில் மின்விசிறி ஓடுகிற மாதிரி ஓர் ஒலி மட்டும் வந்தது. பாத்திரங்கள் வாய் மூடின. தெருவின் லாரிச் சத்தமும், காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த விசைப்படகின் டபடபவும் எட்டு நாளுக்குப் பிறகு வீட்டுக்குள் கேட்டன.

ஜூடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா, கரண்டு போச்சா?”

“ஓடுது பார்.”

அவள் வந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் காக்கி ஒரு கோடாகச் சுழன்றது. கையை எந்திரத்தின் மேல் வைத்தாள், எடுக்கவில்லை. இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழேயிருந்து மங்கம்மாவின் குரல் கேட்டது. “அண்ணா, பேரு மாத்த வேணாம்!”

வெற்றி! ஆனால் அந்த வெற்றிக்கு ஓர் ஆயுள் இருந்தது. இரண்டு நிமிடம். தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்தது. குட்டியானை. படியில் மூன்று பேரின் காலடி ஏறி வந்தது.

அந்த மூன்று மாடி உயரத்துக்குள் நம் நாயகனின் உள்ளத்தில் மூண்ட போரை, முன் நடந்த போர்கள் எதனோடும் ஒப்பிட இயலாது. ‘சொல்லாதே’ என்றது துறைமுகம் முழுவதும் பரவிய அவன் பெயர். ‘கட்டத் தெரிந்தவனுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை என்று பதினொரு பேரும் ஏணியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பார்களே’ என்றது. ‘கம்பெனி செய்த குற்றம், என் கைவண்ணத்தால் தீர்ந்தது என்று சொல்லேன், எவன் கேட்கப்போகிறான்?’ என்றது நாவு. ‘நாலு போல்ட்டும் கடலில் போனால் சாட்சி ஏது?’ என்றது கைலி மடிப்பு. ஜூடி வாசற்கதவைத் திறக்கப் போனாள். முகத்தில் மலர்ச்சியும் பயமும் ஒன்றாக இருந்தன.

ஜெரி வாசலில் நின்றான். தோளில் கயிறு. பின்னால் இரண்டு தோஸ்துகள். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை, அக்காள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கவில்லை. ஒரு வாரத்தில் ஆள் மெலிந்துவிட்டான் என்று அலெக்ஸாண்டருக்குத் தோன்றியது. ஜெரி மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

“மிசினு எங்க கீது மாமா? எடுத்துகினு போய்டறோம். கடைக்காரன்ட்ட பேசிட்டேன். எனக்கு மிசினப் பத்தித் தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா நல்லதா வாங்கியிருப்பேன்.”

ஜூடி புருஷனைப் பார்த்தாள்.

உப்புக்காற்றே, கேள்! கிரேன்களே, தலை சாய்த்துக் கேளுங்கள்! வங்கக்கடலே, அலையை நிறுத்து! கண்டெய்னர்களின் காவலனும், மூன்று மாடிகளை ஒரே கயிற்றில் கட்டியவனும், ஒற்றைக்கண் வெண்ணிறத்தோனை அடக்கியவனும் ஆகிய லாஷிங் அலெக்ஸாண்டர், மார்பை நிமிர்த்தி, துண்டைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டு, காலங்காலத்துக்கும் நிலைக்கப்போகும் பேருரைக்குத் தொண்டையைச் செருமி, முதற்சொல்லை நாவின் நுனிக்குக் கொண்டுவந்து, மச்சானின் தோளில் தொங்கிய கயிற்றைப் பார்த்து, அந்த முதற்சொல்லை அப்படியே விழுங்கி, கைலி மடிப்பை அவிழ்த்து, நான்கு போல்ட்டுகளையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

“போல்ட்ட முறுக்குனது நான்தான் மச்சான், கைய கழுவிகினு வா, சோறு துன்னலாம்.”